எல்லையில் தொலைந்த ஆண்டுகள்

ஒரு திருட்டைப் பற்றி இன்று உங்களிடம் பேசப் போகிறேன். பூட்டு உடைபடவில்லை, சுவரில் கன்னம் வைக்கப்படவில்லை, நாய் குரைக்கவில்லை, காவல் நிலையத்தில் புகார் எழுதப்படவில்லை. ஆனாலும் கொள்ளை போயிருக்கிறது! போனது பொன் அல்ல, பொருள் அல்ல. ஆண்டுகள்! மனிதன் வியர்வை சிந்தி உழைத்த ஆண்டுகள்!

"இதென்ன விந்தை! ஆண்டுகளை யாரால் திருட முடியும்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், ஒரு பெரியவர் என்னை நிறுத்திக் கேள்வி கேட்கும் வரையில்.

கூட்டம் முடிந்து ஒரு தோழரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அடுக்குமாடிக் கட்டடம். வாயிலில் காவலாளி. அறுபதைத் தாண்டிய வயது. தொளதொளத்த காக்கிச் சட்டை. தூக்கத்தைத் துரத்திக்கொண்டிருந்த கண்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "உட்காருங்கள் ஐயா" என்றேன். உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்:

"தம்பி, உங்க பேச்சைக் கேட்டேன். ஒரு சந்தேகம். நான் வளைகுடாவிலே 22 வருஷம் கம்பி கட்டினவன். ஒரு நாட்டிலே 8, இன்னொண்ணிலே 9, கடைசியிலே 5. அதுக்கு முன்னே இங்கே ஒரு ஆலையிலே 6 வருஷம். மொத்தம் 28 வருஷம் உழைச்சிருக்கேன். இப்ப எந்த நாட்டுக் கணக்கிலேயும் என் பேரிலே ஒரு வருஷம்கூட இல்லை. அந்த 28 வருஷம் எங்கே போச்சு தம்பி?"

மேடையில் மூன்று மணி நேரம் முழங்கத் தெரிந்த எனக்கு, அந்த வாயிற்படியில் மூன்று சொல் பேச வரவில்லை!

ஆலையில் 6 ஆண்டு உழைத்தார். நம் நாட்டு ஓய்வூதியத் திட்டம் 10 ஆண்டு கேட்கிறது. இருந்ததைக் கையில் கொடுத்துக் கணக்கை மூடினார்கள். கடல் கடந்தார். அங்கே அந்நியத் தொழிலாளிக்கு ஓய்வூதியமே இல்லை. பணிக்கொடை என்று ஒரு தொகை கொடுத்துக் கணக்கை மூடினார்கள். மகள் திருமணத்தில் ஒன்று கரைந்தது. கூரைக்குக் கான்கிரீட் போட்டதில் மற்றொன்று கரைந்தது. இன்று ஊரார் உறங்குகிறார்கள், அவர் விழித்திருக்கிறார். வானளாவும் கோபுரங்களுக்குக் கம்பி கட்டிய கைகள், வாடகை வீட்டுக்காரரின் காருக்குக் கதவு திறக்கின்றன!

அவருடைய கேள்விக்கு விடை இல்லையா? இருக்கிறது, தோழர்களே! ஐரோப்பாவில், கரிச் சுரங்கங்களின் இருட்டில், இதே கேள்வி ஒரு காலத்தில் எழுந்தது. விடையும் எழுதப்பட்டது. சட்டமாக எழுதப்பட்டது. இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஆண்டு 1946. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்து ஓராண்டு. இத்தாலியில் ஆள் இருந்தது, வேலை இல்லை. பெல்ஜியத்தில் வேலை இருந்தது; ஆள் இல்லை. மண்ணுக்கடியில் கரி குவிந்து கிடந்தது. வெட்டுவதற்குத்தான் கை இல்லை. உள்நாட்டுத் தொழிலாளி சுரங்கத்தில் இறங்கத் தயங்கினான். அங்கே காத்திருப்பது என்ன என்பதை அவன் அறிவானல்லவா!

அந்த ஆண்டு ஜூன் 23ஆம் நாள் உரோமாபுரியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இத்தாலி 50,000 தொழிலாளர்களை அனுப்பும். பெல்ஜியம் இத்தாலிக்குக் கரி விற்கும். ஆளைக் கொடு, கரியைக் கொடுக்கிறேன்! பண்டமாற்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள், நெல்லுக்கு உப்பு, உப்புக்கு மீன். இங்கே பண்டம் எது? ஒரு தட்டில் கரி. மறு தட்டில் மனிதன்!

இத்தாலியின் சிற்றூர்களில் இளஞ்சிவப்பு நிறச் சுவரொட்டிகள் முளைத்தன. பெல்ஜியத்துச் சுரங்க வேலைக்கு ஆசை காட்டின. நிறம் இளஞ்சிவப்பு; நிலைமையோ கன்னங்கரி! இளைஞர்கள் இரயில் ஏறினார்கள். வந்து இறங்கியதும் வானத்தைப் பார்க்க நேரமில்லை, பாதாளத்துக்கு இறக்கப்பட்டார்கள்.

1956 ஆகஸ்டு 8. மார்சினெல் என்னும் ஊர். புவா து காசியே என்னும் சுரங்கம். தரைக்குக் கீழே 975 மீட்டர் ஆழத்தில், கரி ஏற்றிய ஒரு வண்டி தூக்குக் கூண்டில் சரியாக அமரவில்லை. கூண்டு மேலேறியது, துருத்திக்கொண்டிருந்த வண்டி, எண்ணெய்க் குழாயை அறுத்தது, மின்கம்பியை அறுத்தது. தீ! தீயினும் கொடிய புகை! மேலே, இரும்புக் கதவுகளின் வெளியே, மனைவிமார் நாட்கணக்கில் நின்றார்கள். மாண்டவர் 262 பேர். அவர்களில் இத்தாலியர் 136, பெல்ஜியர் 95. மொத்தம் 12 நாட்டினர். பிரித்துச் சொல்ல ஏட்டில் 12 நாடுகள். பிரித்துப் பார்க்கவில்லை புகை!

தீயில் மாண்டவன் ஒரு நாளில் மாண்டான். அணுவணுவாக மாண்டவன் கதை வேறு. சுரங்கத்தின் பாறைத்தூசி நுரையீரலில் படிந்து மூச்சைத் திணறடிக்கும் சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தொழிலால் வந்த நோய் என்று இத்தாலி 1943இலேயே ஏற்றுச் சட்டம் செய்தது. பெல்ஜியமோ 1964 வரை ஏற்கவில்லை! எண்ணிப் பாருங்கள்: தூசி பெல்ஜியத்துத் தூசி; நுரையீரல் இத்தாலியனுடையது. எல்லைக்கு அந்தப் பக்கம் அது நோய். இந்தப் பக்கம் வெறும் இருமல்! தூசிக்குக் கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. அதற்கான இழப்பீட்டுக்குத் தேவைப்பட்டது!

இடர் வந்தபோது இந்நிலை. முதுமை வந்தபோது? நாடகக்காரன் பேசினால் ஒரு காட்சியாவது இல்லாமல் இருக்குமா? இதோ ஒரு காட்சி. பாத்திரங்கள் என் கற்பனை. சிக்கல் கற்பனை அல்ல.

மேடையில் மூன்று அலுவலகங்கள், மூன்று சாளரங்கள். மூன்று நாட்டுக் கொடிகள் பறக்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும், ஓய்வூதியம் பெற 15 ஆண்டு உழைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதிய தொழிலாளி ஒருவன் இருமிக்கொண்டே வருகிறான்.

முதல் அதிகாரி: இங்கே எத்தனை ஆண்டு உழைத்தாய்?

தொழிலாளி: 12 ஆண்டு, ஐயா.

முதல் அதிகாரி: சட்டம் 15 கேட்கிறது. 3 குறைகிறது. போய் வா.

இரண்டாம் அதிகாரி: இங்கே எத்தனை?

தொழிலாளி: 9 ஆண்டு, ஐயா. அங்கே 12 இருக்கிறது, சேர்த்துக்கொண்டால்...

இரண்டாம் அதிகாரி: அங்கே உழைத்ததற்கு இங்கே கூலியா? போய் வா.

மூன்றாம் அதிகாரி: இங்கேயும் 9 தானே? அது மட்டுமல்ல. நீ இந்நாட்டுக் குடிமகன் அல்ல. வாழ்வதும் வேறு நாட்டில். எல்லைக்கு அப்பால் ஓய்வூதியம் அனுப்ப எங்கள் சட்டத்தில் இடமில்லை.

தொழிலாளி: ஐயா! மூன்று நாட்டுக்கும் உழைத்தேன், உண்மை. அதற்காக நான் மூன்று மனிதனா? சுமந்தது ஒரே முதுகுதானே!

திரை விழுகிறது.

தோழர்களே, அந்த மூன்று அதிகாரிகளில் எவனும் கொடியவன் அல்லன். மூவரும் சட்டப்படிதான் பேசினார்கள். கல்லூரிப் படிப்பை இடையிலேயே விட்டு வந்தவன் நான். கணக்கில் பெரும்புலவன் அல்லன். ஆனாலும் 12உம் 9உம் 9உம் சேர்ந்தால் 30 என்பது எனக்குத் தெரியும். எல்லைக்கோடு கூட்டல் போட்டால் மட்டும் அதே 12உம் 9உம் 9உம் சேர்ந்து பூச்சியம் ஆகிறது! 30 ஆண்டு உழைத்தவன், ஒருநாளும் உழைக்காதவனாக ஆக்கப்படுகிறான். இதைத்தான் திருட்டு என்றேன். திருடனுக்கு முகமில்லை. மூன்று சட்டப் புத்தகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் திருடன்!

இந்த இடைவெளியை அடைக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1904இலேயே பிரான்சும் இத்தாலியும் தொழிலாளர் நலனுக்கென்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு நாடுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து பல ஒப்பந்தங்கள் எழுதின. ஆனால் அவை ஒட்டுத்துணிகள். தொழிலாளி இரண்டு நாட்டோடு நிற்பவனா? வேலை எங்கே அழைக்கிறதோ அங்கே மூன்றாம் நாட்டுக்கும் போகிறவன் அல்லவா? ஒட்டுத்துணி கிழிந்தது.

1951இல் ஆறு நாடுகள் கூடி, கரிக்கும் எஃகுக்கும் பொதுவான ஒரு சமுதாயம் அமைத்தன. பெல்ஜியம், பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து. கரி எல்லை கடக்கலாம்; எஃகு எல்லை கடக்கலாம். அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது: கரியை வெட்டியவனின் உரிமை மட்டும் சுங்கச் சாவடியில் நிற்பதா? 1957 மார்ச் 25இல் உரோம் உடன்படிக்கை பிறந்தது. அதன் 51ஆம் பிரிவு, நாடு மாறும் தொழிலாளியின் ஆண்டுகளைக் கூட்டிக் கணக்கிட வேண்டும் என்று கட்டளையிட்டது. 1958 செப்டம்பர் 25இல் அதற்கான விதி இயற்றப்பட்டது. 1959 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

அந்த விதியின் எண் என்ன தெரியுமா? மூன்று! அந்தச் சமுதாயம் இயற்றிய முதல் விதி எதைப் பற்றியது? மொழியைப் பற்றியது! உறுப்பு நாடுகளின் நான்கு மொழிகளும் சமநிலையில் ஆட்சிமொழிகள் என்றது. மொழியுரிமைக்கு முதல் இடம். தொழிலாளியின் முதுமைக்கு மூன்றாம் இடம். வாணிபமும் வரியும் அதற்குப் பிறகுதான் வரிசையில் நின்றன. நம் இயக்கத்தில் வளர்ந்த எவனுக்கும் இந்த வரிசையின் பொருளை விளக்க வேண்டியதில்லை!

அந்த விதி என்ன சொல்கிறது? நான்கே நான்கு நெறிகள்.

முதலாவது: ஒரு நேரத்தில் ஒரு நாட்டின் சட்டமே தொழிலாளியைக் கட்டும். இரண்டு நாட்டுக்கும் சந்தா கட்டி இளைக்கவும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் விழுந்து சாகவும் வேண்டாம்.

இரண்டாவது: குடிமகனுக்கு என்ன உரிமையோ, வந்து உழைப்பவனுக்கும் அதே உரிமை.

மூன்றாவது: ஒரு நாட்டில் ஆண்டு போதவில்லையென்றால், மற்ற நாடுகளில் உழைத்த ஆண்டுகளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நான்காவது: ஈட்டிய ஓய்வூதியம், ஈட்டியவன் வாழும் நாட்டைத் தேடிப் போக வேண்டும்.

"சரி, கூட்டுகிறார்கள். பணம் யார் கொடுப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் தொழிலாளியையே எடுத்துக்கொள்வோம். 12, 9, 9, மொத்தம் 30. முதல் நாடு இப்படிக் கணக்கிட வேண்டும்: "இந்த 30 ஆண்டும் இவன் என்னிடமே உழைத்திருந்தால் என்ன கொடுத்திருப்பேன்?" மாதம் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 30இல் 12 பங்கு, அதாவது 1,200 ரூபாய், அது கொடுக்க வேண்டும். மற்ற இரண்டு நாடுகளும் தத்தம் சட்டப்படி இதே கணக்கைப் போட்டு, 30இல் 9 பங்கை ஆளுக்கொன்றாகக் கொடுக்க வேண்டும். எந்த நாட்டுக்கும் நட்டமில்லை. தன்னிடம் உழைத்த ஆண்டுக்குத்தான் ஒவ்வொன்றும் கொடுக்கிறது. தொழிலாளிக்கும் இழப்பில்லை. பூச்சியம் மறைந்தது, 30 மீண்டது!

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று நாடும் தத்தம் சட்டத்தைத் தூக்கி எறியவில்லை. ஒருவன் சட்டத்தை மற்றவன்மீது திணிக்கவுமில்லை. ஒருங்கிணைப்பு வேறு, ஒன்றாக உருக்கிவிடுவது வேறு. அவரவர் வீடு அவரவர்க்கு; வீடுகளுக்கு நடுவே ஒரு பாலம். அவ்வளவுதான்!

அந்த விதி 1971இல் விரிந்தது. 2004இல் புதிதாக எழுதப்பட்டு, 2010 மே முதல் நடப்பில் உள்ளது. ஆறு நாடுகளுக்கு என்று பிறந்தது, இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளுக்கும், அவற்றோடு நார்வே, ஐஸ்லாந்து, லிக்டென்ஸ்டைன், சுவிட்சர்லாந்து ஆகியவற்றுக்கும் உரியது. முதியவன் மூன்று சாளரத்தில் இரும வேண்டியதில்லை. தான் வாழும் நாட்டு அலுவலகத்தில் ஒரே விண்ணப்பம் கொடுத்தால் போதும். மற்ற நாட்டு அலுவலகங்களோடு பேசுவது அந்த அலுவலகத்தின் கடமை. என் நாடகத்தை அங்கே இன்று நடத்தினால், இரண்டாம் காட்சிக்கே இடமில்லை!

இது யாருடைய கருணை? மார்சினெல் தீ கண்டு மன்னர்களின் மனம் உருகியதால் வந்தது என்று சொல்ல மாட்டேன். பேச்சுவார்த்தை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கரி வேண்டியிருந்தது, கரிக்குக் கை வேண்டியிருந்தது, கைக்கு உரியவன் விலை பேசத் தெரிந்தவனாக இருந்தான். மார்சினெல் விபத்துக்குப் பின் இத்தாலி, சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் ஸ்பெயினுக்கு ஓடியது, கிரேக்கத்துக்கு ஓடியது, 1964இல் மொராக்கோவுக்கும் துருக்கிக்கும் ஓடியது. ஆளை அனுப்புகிற நாடு பிச்சைக்கார நாடு அல்ல. அது கொடுக்கிற நாடு! உழைப்பைக் கொடுக்கிறவனுக்குக் கேட்கும் உரிமை உண்டு. இந்தப் பாடத்தை நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். நம் வீட்டுக் கதைக்கு அது தேவைப்படும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழரில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. அந்த வடு இன்னும் ஆறவில்லை. ஆனாலும், தலைகளை எண்ணிய அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு விதி இருந்தது: திரும்புவோர் தம் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுசெல்லலாம், ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது. பணம் கடல் கடக்க அனுமதி கிடைத்தது. ஆண்டுகள் கடல் கடந்தனவா? கடக்கவில்லை. தேயிலைக் கொழுந்து கிள்ளிய காலம் முழுவதும் ஒரு சிறு முடிச்சுப் பணமாகச் சுருங்கியது. முடிச்சு அவிழ்ந்ததும் முடிந்துபோயிற்று.

கையில் தரும் தொகைக்கும் ஓய்வூதியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுதான், தோழர்களே! தொகை என்பது குடத்து நீர். ஓய்வூதியம் என்பது ஊற்று. குடம் எவ்வளவு பெரிதானாலும் ஒருநாள் கவிழும். ஊற்று, மூச்சு உள்ளவரை சுரக்கும்.

பிறகு இந்தியா விழித்துக்கொள்ளவே இல்லையா? விழித்தது. எப்போது? யாருக்காக? அதைத்தான் கவனிக்க வேண்டும். சமூகப் பாதுகாப்புக்கென்று இந்தியா முதன்முதலில் ஒப்பந்தம் செய்த நாடு எது? பெல்ஜியம்! ஆம், அதே பெல்ஜியம்! 2006 நவம்பரில் கையெழுத்து. 2009 செப்டம்பரில் நடைமுறை. ஜெர்மனி, பிரான்சு, நெதர்லாந்து, டென்மார்க், தென்கொரியா, கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் என்று பட்டியல் நீண்டது. இன்று ஏறத்தாழ இருபது நாடுகள். 2008இல் இந்தியா ஒரு சாமர்த்தியமும் செய்தது: இங்கே வேலைக்கு வரும் வெளிநாட்டாரும் நம் வைப்பு நிதிக்குப் பணம் கட்ட வேண்டும் என்று விதித்தது. பணம் கட்ட வேண்டியவன் தன் நாட்டை நெருக்கினான். அந்த நாடு ஒப்பந்தத்துக்கு வந்தது. நல்லது. பாராட்டுகிறேன்!

ஆனால் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பாருங்கள். சவூதி அரேபியா இருக்கிறதா? இல்லை. அமீரகம்? இல்லை. கத்தார்? குவைத்? ஓமான்? பஹ்ரைன்? இல்லை, இல்லை, இல்லை, இல்லை! நம் கம்பி கட்டுபவரும் கொத்தனாரும் ஓட்டுநரும் வீட்டுவேலைப் பெண்ணும் எங்கே போகிறார்களோ, அங்கே ஒப்பந்தம் இல்லை. நிறுவனம் அனுப்பி, குளிரூட்டிய அறையில் அமரும் அதிகாரிக்குப் பாலம். கொதிக்கும் மணலில் நிற்பவனுக்குக் கடல்!

படித்தவன் மட்டும் முழுதும் தப்பினானா? அமெரிக்காவோடும் நமக்கு ஒப்பந்தம் இல்லை. அங்கே ஓய்வூதியம் பெற 40 காலாண்டு, அதாவது 10 ஆண்டு, சந்தா வேண்டும். கணினிப் பொறியாளனுக்குத் தரும் தற்காலிக அனுமதியோ வழக்கமாக 6 ஆண்டு. சம்பளத்தில் மாதந்தோறும் பிடித்தம் உண்டு. 6 ஆண்டில் திரும்பினால் பிடித்தது பிடித்ததுதான்! கணினியைத் தட்டிய விரலும் கம்பியை முறுக்கிய விரலும் ஒரே கொள்ளைக்கு ஆளாகின்றன. ஆகவே, படித்தவனும் பாமரனும் ஒரே அணியில் நிற்க வேண்டிய பிரச்சினை இது.

வளைகுடாவில் பணிக்கொடை உண்டே என்பார்கள். உண்டு. அமீரகச் சட்டப்படி முதல் 5 ஆண்டுக்கு, ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படை ஊதியம். அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு 30 நாள். அடிப்படை ஊதியம் என்ற சொல்லைக் கவனியுங்கள். படிகள் எத்தனை இருந்தாலும் அவை கணக்கில் வாரா. அதுவும் குடத்து நீர்தான், ஊற்று அல்ல.

"அந்த நாடுகளுக்கு இதெல்லாம் தெரியாதே, பாலைவன நாடுகள், சட்ட நுணுக்கம் பழகவில்லை" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். தெரியாதா? 2006 முதல் வளைகுடாவின் ஆறு நாடுகளும் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பஹ்ரைன் குடிமகன் குவைத்தில் வேலை செய்தால், குவைத் முதலாளியும் பங்கு செலுத்தி, பணம் பஹ்ரைன் ஓய்வூதிய நிதிக்குப் போய்ச் சேரவேண்டும். எல்லை கடந்தாலும் அவன் ஆண்டு தொலைவதில்லை! ஆகவே, வழி தெரியாமல் இல்லை. பாலம் கட்டத் தெரியும், கட்டியும் விட்டார்கள். நம் ஆள் நடக்கத்தான் அதில் இடமில்லை!

இந்திய அரசு என்ன செய்கிறது? அயலகம் செல்லும் எளிய தொழிலாளிக்குக் காப்பீடு வைத்திருக்கிறது. விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக உடல் ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் விபத்தில் சாகாமல், உயிரோடு, இரண்டு கையோடு, இரண்டு காலோடு திரும்பி வந்து அறுபது வயதை எட்டினால்? அந்தக் குற்றத்துக்கு என்ன இழப்பீடு? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1962இல், குடிமகனுக்கும் அயலானுக்கும் சமூகப் பாதுகாப்பில் சம உரிமை என்று 118ஆம் உடன்படிக்கையை எழுதியது. 1964இல் இந்தியாவும் ஏற்றது. மருத்துவத்துக்கு ஏற்றது, நோய்க்கு ஏற்றது, பேறுகாலத்துக்கு ஏற்றது. முதுமை என்ற கட்டத்தையோ வெற்றிடமாக விட்டது. அந்த வெற்றிடத்தில்தான் நம் காவலாளி நின்றுகொண்டிருக்கிறார்!

"ஓய்வூதியமே இல்லாத நாட்டோடு எதைக் கூட்டுவது?" என்பது மற்றொரு கேள்வி. சரியான கேள்வி. அதனால் ஒரே தாவலில் ஐரோப்பாவை எட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. படிப்படியாக ஏறலாம். படி இருக்கிறதா? இருக்கிறது. 2023இல் ஓமான் இயற்றிய சட்டம், அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் ஒரு சேமிப்புத் திட்டத்தை வகுத்தது. மலேசியா 2019இல் அயல்நாட்டாருக்கும் வேலையிட விபத்துக் காப்பீட்டை விரித்தது. 2025 அக்டோபர் முதல் தன் சேமநிதியில் அவர்களையும் சேர்த்து, முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு கட்ட வேண்டும் என்றது. 2 விழுக்காடு சிறிது, மிகச் சிறிது. ஆனால் பெயர் ஏட்டில் ஏறுகிறது! ஏட்டில் ஏறிய பெயருக்குத்தான் நாளை கூட்டல் கணக்குப் போட முடியும்.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று.

ஒன்று: வளைகுடா நாடுகளோடு வாணிபத்துக்கும் எண்ணெய்க்கும் இந்தியா ஒப்பந்தம் பேசும்போதெல்லாம், தொழிலாளியின் ஆண்டுகளும் அதே மேசைமீது வைக்கப்பட வேண்டும். இத்தாலியின் பாடம் அதுதான்.

இரண்டு: அது கைகூடும் வரை, அயலகத்தில் உழைத்த ஆண்டுகளை நம் ஓய்வூதியத்தின் 10 ஆண்டுக் கணக்கில் சேர்க்க இந்தியச் சட்டத்திலேயே வழி வகுக்க வேண்டும். தொழிலாளி தன் பங்கை அங்கிருந்து அனுப்பட்டும். முதலாளியின் பங்குக்கு ஈடாக அரசு தன் பங்கைச் சேர்க்கட்டும். அவன் அனுப்பிய அந்நியச் செலாவணியால் அரசு பலன் கண்டதில்லையா?

மூன்று: திரும்பும் ஒவ்வொருவர் கையிலும், எங்கே, எவரிடம், எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதற்கு அந்நாட்டு இந்தியத் தூதரகம் சான்றளித்த பணிப்பதிவு இருக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னேன். இதைப் படிக்கும் தோழரே, நீங்கள் செய்யக்கூடியதையும் சொல்கிறேன். அதற்கு ஆணை தேவையில்லை, ஆட்சி தேவையில்லை. ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும் போதும். உங்கள் கிளையில் கடல் கடந்து உழைத்தவர்கள், உழைக்கிறவர்கள் எத்தனை பேர்? வீடு வீடாகச் செல்லுங்கள். நாடு எது, ஆண்டு எத்தனை, வேலை எது என்று எழுதுங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, கடவுச்சீட்டின் முத்திரை, பணிக்கொடை பெற்ற தாள், எதையும் கிழிக்க விடாதீர்கள். படி எடுத்து வையுங்கள். பாதிப் பேர் அந்தத் தாள்களைப் பயனற்றவை என்று பழைய பெட்டியோடு எறிந்துவிடுகிறார்கள். நாளை உரிமை வரும்போது, "சான்று எங்கே?" என்று கேட்கும் நான்காவது சாளரம் ஒன்று திறக்கும். அன்று நம்மவன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது!

அந்தப் பெரியவருக்கு அன்றிரவு நான் விடை சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

ஐயா! உங்கள் 28 ஆண்டு காற்றில் கரையவில்லை. கடலுக்கு அப்பால் கோபுரங்களாக நிற்கிறது. கடலுக்கு இப்பால் உங்கள் மகளின் வீட்டு விளக்காக எரிகிறது. காணாமற்போனது உங்கள் உழைப்பல்ல. அதை எழுதிவைக்க வேண்டிய ஏடு. அந்த ஏட்டை எழுதவைக்கும் போராட்டம் உங்கள் காலத்துக்குள் வெல்லும் என்று வாக்களித்தால், நான் பொய்யனாவேன். ஆனால் இன்றிரவு திருச்சியில் விமானம் ஏறுகிறானே, உங்கள் பேரனின் வயதில் ஓர் இளைஞன், அவன் முதுமையில் யார் வீட்டு வாயிலிலும் இப்படி எழுந்து நிற்கக் கூடாது. அதற்காகப் பேசுகிறோம், அதற்காக எழுதுகிறோம், அதற்காகக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம்.

அந்தக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் முதல் பெயராக உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன், ஐயா. பெயருக்கு எதிரே 28 என்று எழுதியிருக்கிறேன். எந்த எல்லைக்கோடும் அதை அழிக்க விடமாட்டோம்!